‘ஆரம்ப ஸ்டேஜ்தானே!’ - மெலனோமா ஆபரேஷனுக்குப் பிறகு ஆரம்பிக்கும் நாள்கள்

“ஆரம்ப ஸ்டேஜ்தானே... அதான் எடுத்துட்டாங்கள்ல. அப்புறம் என்ன கவலை?”

புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிறவர்கள், நல்ல மனதோடு சொல்கிற வார்த்தை இது. பொய்யும் அல்ல. ஆனால், படுத்தபடி அதைக் கேட்கிறவருக்கு அந்த நிமிடமே வாயடைத்துப்போகிறது. கவலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இனி வழியில்லை. நோய் முற்றியிருந்தால் கூடவே உட்கார்ந்து அழ நாலு பேர் இருப்பார்கள். சின்னதாக இருக்கும்போது பயந்தால், ‘இதுக்குப் போயா?’ என்கிறார்கள்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது இரட்டைச் சங்கடம். காரணம், நம் ஊரில் பலருக்கும் அந்தப் பெயரே புதிது. ‘கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் வராது’ என்று படித்தவர்களே சொல்வார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களில் உருவாகும் புற்றுநோய் இது. வெள்ளைக்காரர் தோலிலும் நம் தோலிலும் அந்தச் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான்; அவை தயாரிக்கும் நிறமியில்தான் வித்தியாசம். அந்த நிறமி நமக்குக் குடை பிடிப்பதால் வெயிலால் வரும் மெலனோமா இங்கே குறைவு. ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வீடு பேசப்படும் நோய் நம் ஊரில் அபூர்வமாக இருப்பது அதனால்தான். ஆனால், வெயிலே படாத இடங்களில் வருகிற ஒரு வகை உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். ஆக்ரல் மெலனோமா என்பார்கள். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதுதான். 1977-ல் வலது கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். கால்பந்து விளையாடும்போது பட்ட காயம் என்றே முதலில் நினைத்திருந்தார். விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் மட்டும் நீக்கினார்கள். 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

இந்தக் கதையை என் அத்தையிடம் யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தோம். அவர் யூடியூபில் தானே பார்த்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

மருதாணி வைத்தபோது...

அத்தை கோவில்பட்டி பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது 67. ‘என்னப் பத்தி என்ன வேணாலும் எழுது, பேரு மட்டும் போடாதே’ என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, பேத்தி அவர் காலுக்கு மருதாணி வைக்க உட்கார்ந்தாள். இடது குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரம் கோணல்மாணலாக, ஒரு பக்கம் மட்டும் கருநீலம். “இது எப்போலேர்ந்து ஆச்சி?” என்றாள். “கால்ல மச்சம் இருந்தா ஊரு சுத்துவாங்களாம், நான் எங்க சுத்துனேன்?” என்று அத்தை சிரித்திருக்கிறார். ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டில் எருக்கம்பால் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, வைக்கவில்லை. எருக்கம்பாலோ ஆசிட்டோ பட்டு மேல்தோல் வெந்துபோனால், புண் ஒரு பக்கம் இருக்கட்டும். டாக்டர் பார்க்க வேண்டிய அடையாளமே அழிந்துபோகும். பிளேடால் சீவுவதும் அப்படித்தான்.

பேத்தி விடவில்லை. அடுத்த வாரமே மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் டெர்மாஸ்கோப் என்கிற சின்ன லென்ஸ் கருவியை வைத்துப் பார்த்தார். உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு அல்லவா? நிறம் அந்த ரேகையின் பள்ளத்தில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் படிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அத்தைக்கு மேட்டில்.

பயாப்சி என்றதும் வீட்டில் சண்டை. அத்தைக்கு அண்ணன், அதாவது என் அப்பா, “கத்தி பட்டா பரவிடும் தாயி, வேணாம்” என்று ஒற்றைக்காலில் நின்றார். நம் ஊரில் எத்தனையோ பேரின் சிகிச்சையைத் தாமதப்படுத்திய வாக்கியம் இது. பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை. முற்றிய நோயைக் கத்தி வைத்த பிறகு கண்டுபிடித்த பழைய அனுபவங்களிலிருந்து வந்த பயம் அது. பழியைக் கத்தி சுமக்கிறது. இந்த நோயில் எவ்வளவு ஆழம் என்பதை அளக்க பயாப்சியை விட்டால் வேறு வழியே கிடையாது.

ஏழு தாள்

ரிப்போர்ட் வர பத்து நாள். பெங்களூரில் இருக்கும் அத்தை மகன், “அம்மாகிட்ட சொல்ல வேணாம், சின்னக் கட்டின்னு சொல்லிக்கலாம்” என்றான். ஆனால், வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃபை அத்தையே திறந்து படித்துவிட்டார். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவரிடம் ஒரு காகிதத்தை மறைக்க முடியுமா?

அதில் அவர் கண்ணில் பட்டது ஓர் எண். ‘பிரெஸ்லோ தடிமன் 0.7 மி.மீ.’ அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1970-ல் சொன்ன முறை. மெலனோமா தோலின் மேற்பரப்பிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை மைக்ரோஸ்கோப்பில் அளப்பது. பரப்பளவைவிட இந்த ஆழம்தான் முக்கியம். 0.8 மி.மீ.க்குக் குறைவாக, மேலே புண் இல்லாமல், நெறிக்கும் வேறெங்கும் பரவாமல் இருந்தால் அது ஸ்டேஜ் 1ஏ.

டாக்டர் இதை விளக்கியபோது அத்தை கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, தாள்களை விரலால் தள்ளி எண்ணினார். “ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அப்போ ஏழு தாள் கனம். அவ்ளோதானா சார்?” என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கணக்கு அவருக்குக் கொடுத்த தெம்பை நாங்கள் சொன்ன எந்த ஆறுதலும் கொடுக்கவில்லை. மறைப்பதுதான் அன்பு என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு விஷயம் எப்படியும் தெரிந்துவிடுகிறது, அரைகுறையாக. அரைகுறையில்தான் பயம் பெருகுகிறது.

அடுத்து அவர் கேட்டது நேரான கேள்வி: “எத்தனை பெர்சன்ட்?” ஸ்டேஜ் 1ஏ மெலனோமா வந்தவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் அந்த நோயால் இறக்காதவர்கள் 100-க்கு சுமார் 98 பேர் என்று சர்வதேச அளவில் திரட்டிய தரவு சொல்கிறது. டாக்டர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தத் தரவில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்கள். உள்ளங்கால் மெலனோமாவில் இந்த எண் கொஞ்சம் குறையலாம். அதனால், தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

‘ஏற்கெனவே எடுத்தாச்சே, மறுபடி ஆபரேஷன் எதுக்கு?’ என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பயாப்சியில் எடுப்பது நோயைத் தெரிந்துகொள்ள. அதன் பிறகு அந்த இடத்தைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து எடுப்பதுதான் சிகிச்சை. 1 மி.மீ. வரை ஆழமுள்ள மெலனோமாவுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. எடுக்கிறார்கள். ஆழம் கூடினால் 2 செ.மீ. வரை போவதும், முதலில் நிணநீர் போய்ச்சேரும் நெறியை எடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு. அத்தைக்கு நெறிப் பரிசோதனை தேவைப்படவில்லை. கீமோ, ரேடியேஷன் எதுவும் இல்லை. ‘முடி கொட்டுமா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு அது பெரிய நிம்மதி.

முதுகிலோ கையிலோ என்றால் தையல் போட்டு மூடிவிடலாம். குதிகாலில் இழுத்து மூடத் தோல் ஏது? தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வாரக்கணக்கில் கால் ஊன்றக் கூடாது. விடிகாலை 5 மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகியவர், தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு மருமகளை பாத்ரூமுக்குக் கூப்பிடுவதை ஆபரேஷனைவிடப் பெரிய வலி என்றார். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கழிப்பறை நாற்காலி, வாக்கர், குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல் மூன்றையும் ஆபரேஷனுக்கு முன்பே வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துவிடுங்கள்.

டார்ச் லைட்டும் இருநூறு போட்டோவும்

காயம் ஆறியது. வந்தவர்கள் வருவது நின்றது. மகன் பெங்களூருக்குப் போனான். எல்லோருக்கும் முடிந்துபோன அந்தக் கட்டத்தில்தான் அத்தைக்கு ஆரம்பித்தது.

நாலாவது மாதம் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு போன். “ஏட்டி, திரும்ப வந்துட்டு. கறுப்பா இருக்கு.” குரல் நடுங்கியது. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல், வெளிறிய உள்ளங்கால் நடுவே கறுத்துத் தெரிந்திருக்கிறது. நம் நிறத்தவர்களுக்கு ஒட்டுத்தோல் இப்படிக் கறுப்பது சகஜம் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். முன்பே ஒரு வரி சொல்லியிருந்தால் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

அதன் பிறகு அவர் தினமும் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். காலை, மத்தியானம், படுக்கும்முன். போனில் இருநூறுக்கு மேல் குதிகால் போட்டோக்கள். உடம்பில் இருக்கும் ஒவ்வொரு மச்சமும் எதிரியாகிவிட்டது. செக்கப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சாப்பாடு இறங்காது. இது அத்தைக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. நோய் திரும்புமோ என்ற பயம், புற்றுநோய் வந்து மீண்டவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது என்று புற்றுநோய் உளவியல் துறை சொல்கிறது. நோயின் அளவுக்கும் பயத்தின் அளவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஒரு வழி சொன்னார். பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால், மாதத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் பார்த்தால் மாற்றமே கண்ணுக்குத் தெரியாது, பயம்தான் வளரும். அத்தை தமிழ் மாதப் பிறப்பைத் தேர்ந்தெடுத்தார். குளித்து முடித்து, ஜன்னல் வெளிச்சத்தில், உச்சந்தலையிலிருந்து கால்விரல் இடுக்கு வரை. முதுகை மருமகள் பார்ப்பார். சந்தேகமான இடத்தின் அருகே ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. ஓரம் ஒழுங்கில்லாதது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் வளர்வது, ரத்தம் கசிவது, எல்லாவற்றையும்விட முக்கியமாக, போன மாதம் இருந்ததுபோல் இல்லாதது. நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்கு இயல்பாகவே இருக்கும். ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைத் தாண்டிச் சதையிலும் கறுப்பு இறங்கினாலோ காட்ட வேண்டும். காலில் மெலனோமா வந்தவர்கள் தொடை இடுக்கையும் தடவிப் பார்க்க வேண்டும். காலில் முள் குத்தினால்கூட நெறி கட்டும்தான். இரண்டு வாரத்தில் வற்றவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

மற்ற நாள்களில் டார்ச், பேத்தியின் பீரோவில்.

இதற்கிடையில் ‘பெட் ஸ்கேன் எடுத்துடலாம், மனசு நிம்மதியாயிடும்’ என்று உறவுக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஆரம்பநிலை மெலனோமாவில், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வழக்கமாக ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ பரிந்துரைக்கப்படுவதில்லை. எங்கோ ஒரு பழைய தழும்பு வெளிச்சமாகத் தெரிந்து, அது என்னவென்று தேடி இன்னொரு பயாப்சி, இன்னும் பத்து நாள் காத்திருப்பு... நிம்மதி தேடிப் போய் இருந்ததையும் தொலைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். முதல் 5 ஆண்டுகளுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் கண்ணாலும் கையாலும் செய்யும் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை. அதைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

தைரியமா இருந்தா சரியாகிடுமா?

‘மனசுல தைரியம் இருந்தா புற்றுநோயே ஓடிடும்.’ அத்தைக்குப் பிடிக்காத வசனம் இது. “அப்போ எனக்குத் திரும்ப வந்தா, நான் கோழைன்னு அர்த்தமா?” என்பார்.

அவர் கேள்விக்கு ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது, அதுவும் மெலனோமாவிலேயே. அமெரிக்காவில் ஃபவ்ஸி என்ற மனநல மருத்துவரும் குழுவினரும், ஆரம்பநிலை மெலனோமாவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வாரம் ஒருமுறை என 6 வாரங்கள் உட்காரவைத்துப் பேசினார்கள். நோயைப் பற்றிய விளக்கம், மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி, பிரச்னையைக் கையாளும் வழிகள், ஒருவருக்கொருவர் ஆதரவு. 6 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், கலந்துகொண்ட 34 பேரில் 3 பேரும், கலந்துகொள்ளாத 34 பேரில் 10 பேரும் இறந்திருந்தார்கள். 1993-ல் இது வெளியானபோது பெரிய பரபரப்பு. ஆனால், பத்தாண்டு கழித்து அந்த வித்தியாசம் தேய்ந்தது. டென்மார்க்கில் இன்னும் அதிகம் பேரிடம் இதே முறையைச் செய்துபார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால், அந்த ஆறு வாரம் வந்தவர்களின் மனச்சோர்வும் தவிப்பும் முதல் மாதங்களில் குறைந்திருந்தன. ஆஸ்திரேலியாவில், ஆரம்பநிலை மெலனோமாக்காரர்களுக்கு ஒரு கையேட்டைக் கொடுத்து, உளவியலாளர் மூன்று முறை போனில் பேசினார். திரும்ப வருமோ என்ற பயம் குறைந்தது. அந்த முடிவுகள் 2016-ல் வெளியாகின.

ஆக, அழுததால் யாருக்கும் புற்றுநோய் திரும்புவதில்லை. பேசுவது மருந்தாகாது, ஆனால், ராத்திரி தூங்கவைக்கும். எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிகிறது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் உளவியல் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள், கேளுங்கள். வெளியே போக முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மனஸ் எண்ணான 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசுகிறார்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தைரியமா இருங்க’ என்பதற்குப் பதில், ‘அடுத்த செக்கப் எப்போ, நான் கூட வரட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அத்தையின் பழைய சக டீச்சர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். மதுரை பஸ்ஸில் போக வர இரண்டு பேரும் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். பழைய ஹெட்மாஸ்டரைத் திட்டிக்கொண்டே போய் வந்திருக்கிறார்கள்.

பெயர் போடாத காரணம்

பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ‘வீட்டில் கேன்சர்’ என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று ஒரு தரப்பு. இது தொற்றுநோய் அல்ல. நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு மெலனோமா இருந்தால் மற்றவர்கள் தங்கள் தோலைக் கவனித்துக்கொள்வது நல்லது, ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது இன்னும் நல்லது, அவ்வளவுதான். வந்ததற்கு அத்தை செய்த தப்பு என்று எதுவும் இல்லை. வெயிலில் வத்தல் காயப்போட்டதும் இல்லை, வெறுங்காலோடு கோயில் சுற்றியதும் இல்லை. இத்தனையும் சொல்லிப் புரியவைக்கிற நிதானம் பெண் பார்க்கும் நேரத்தில் யாருக்கு இருக்கிறது?

“மறைச்சுக் கட்டிக்கொடுத்தா காலம்பூரா பயந்துக்கிட்டுக் கெடக்கணும். கேட்டா சொல்லிடுங்க” என்று அத்தை சொல்லிவிட்டார். போன மாதம் வந்த வரனிடம் பேத்தியே போனில் சொன்னாள். அந்தப் பையன், தன் அம்மாவுக்கும் குதிகாலில் ஏதோ இருக்கிறது, எந்த டாக்டர் என்று கேட்டானாம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

அத்தை சொல்லிக் கேட்காத ஒரே ஆள் என் அப்பாதான். “எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று ஆறு மாதம் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்றார். ஆடி மாதப் பிறப்பன்று அத்தை டார்ச்சும் ஸ்கேலுமாக வந்து, “அண்ணே, காலத் தூக்கு” என்று வாத்தியார் குரலில் அதட்டினார். இரண்டு மச்சம் அகப்பட்டது. இரண்டையும் டாக்டர் பார்த்துவிட்டார், சாதாரண மச்சங்கள்தான்.